உங்களுக்குத் தெரியுமா? மருத்துவர்கள் மறக்கக் கற்ற பாடம்

கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட சரீரம் நிதானமிழந்து தன் அவயவங்களையே தாக்கும் செப்சிஸ் என்னும் விபரீதம் முற்றியவர்களுக்கு, முதல் ஆறு மணி நேரத்தில் ஒரு திட்டப்படி சிகிச்சை செய்ததில் மருத்துவமனை மரணம் 46.5 சதவீதத்திலிருந்து 30.5 சதவீதமாகக் குறைந்தது என்று, டெட்ராய்ட் நகரத்து ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையின் இமானுவேல் ரிவர்ஸ் 2001இல் வெளியிட்டபோது, அவசர சிகிச்சை மருத்துவர் பலர் அதை வேதவாக்காகப் பயின்றனர். ஆனால் 2014, 2015ஆம் ஆண்டுகளில் வந்த மூன்று பெரிய ஆராய்ச்சிகள், பெரிய இரத்தநாளத்தில் குழாய் செலுத்தி அளவெடுக்கும் ரிவர்ஸின் அந்த விஸ்தாரமான முறை வழக்கமான சிகிச்சையைவிட மேலானதன்று என்று காட்டவே, கற்றதில் ஒரு பகுதியை மறக்கவும் அவர்கள் கற்க வேண்டியதாயிற்று. அதற்குள் வழக்கமான சிகிச்சையே ரிவர்ஸால் திருந்திவிட்டது என்பாரும் உண்டு, அது நியாயமே. விரைவு என்னும் பாடம் மட்டும் மறக்கப்படவில்லை: செப்சிஸால் அதிர்ச்சி நிலை கண்டவர்க்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல்.