பராமரிப்பாளர்களின் மன ஆதரவுக்கு சாட்பாட்

சாட்பாட் என்பது எழுத்திலோ குரலிலோ கேட்பதற்குப் பதில் தரும் மென்பொருள். பக்கவாதம், மறதி நோய், முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றால் படுத்திருப்பவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வோர், தம் மனச்சுமையை இறக்கிவைக்கவும் இதைப் பயன்படுத்தலாம்.

இதன் முன்னோடி, ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலிசா. பயனர் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்ட எளிய நிரல் அது. அதனிடமே மக்கள் மனம் திறந்து பேசியது அவரைக் கவலைகொள்ள வைத்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், தமிழிலேயே நீண்ட உரையாடல் நடத்துவது எளிதாயிற்று.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளில் நூற்பாலை ஷிப்டுக்குப் போகும் குடும்பங்கள் பல. மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டியும் அருகில்தான். வீட்டு நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பு பெரும்பாலும் மகள் அல்லது மருமகள் தலையில் விழுகிறது. பார்க்க வரும் உறவினர் நோயாளியை விசாரிப்பர், "நீ தூங்கினாயா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்பவர் குறைவு. மனநல மருத்துவரிடம் போனால் ஊர் பேசும் என்ற தயக்கம் வேறு. நள்ளிரவில் யாரையும் எழுப்பாமல் பேச முடிவதே சாட்பாட்டின் உண்மையான பயன்.

மொழியில் இடறல் உண்டு. "இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று களைப்பில் ஒருவர் சொன்னால், அதைப் பயணமாகவும் மென்பொருள் எடுத்துக்கொள்ளக்கூடும். அதைவிடப் பெரிய குறை, பயனர் சொல்வதற்கெல்லாம் ஒத்துப்போகும் அதன் போக்கு. கோபத்தில் இருப்பவருக்கு ஆமாம் போடும் துணை ஆபத்தானது. மருந்தின் அளவை அதனிடம் கேட்டு மாற்றவே கூடாது. நோயாளியின் பெயர், ஆதார் எண், மருத்துவ அறிக்கை ஆகியவற்றைப் பதிவிடுவதும் தவறு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2025 ஆகஸ்டில், செயற்கை நுண்ணறிவு தானே மனநல சிகிச்சை அளிப்பதைச் சட்டத்தால் தடை செய்தது.

தற்கொலை எண்ணமோ, நோயாளியை அடித்துவிடுவோம் என்ற அச்சமோ எழுந்தால், சாட்பாட்டை மூடிவிட்டு மனிதரிடம் பேச வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உடல் உழைப்பே மனச்சோர்வுக்குக் காரணமாக இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிநிவாரணச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிற்கே வருகின்றன. இதற்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுக வேண்டும்.