ஃபோர்மட் செய்யவா என்று கணினி கேட்டால்

பென் டிரைவைச் செருகியதும் திரையில் ஒரு சிறு பெட்டி எழுகிறது. இதைப் பாவிக்க வேண்டுமானால் முதலில் ஃபோர்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று கேட்கிறது. கீழே இரண்டு பொத்தான்கள். ஃபோர்மட் செய் என்பது எடுப்பாகத் தெரிகிறது, வேண்டாம் என்பது பக்கத்தில் அடக்கமாக இருக்கிறது. உள்ளே இருப்பதோ மகளின் சாமத்திய வீட்டுப் படங்கள், மகனின் உயர்தரப் பாடக் குறிப்புகள், காணி அனுமதிப்பத்திரத்தின் ஸ்கேன். கணினியே கேட்கிறதே, அதற்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்று பலர் முதல் பொத்தானை அமத்திவிடுகிறார்கள்.

அமத்தக் கூடாது. வீட்டுக் கணினியில் கோப்புகள் தொலைந்த கதைகளைக் கேட்டுப் பார்த்தால் ஒன்று புரியும். முதலில் வந்த கோளாறு பெரும்பாலும் சின்னது. பதறிப்போய்ச் செய்த முதல் வேலைதான் எல்லாவற்றையும் கொண்டுபோயிருக்கும்.

ஈச்சிலம்பற்று மக்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், வெருகல் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறது இந்த ஊர். ஒருபுறம் கடல், மறுபுறம் மகாவலியின் கிளையான வெருகல் ஆறு. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இந்தக் கரையோரத்தை அடித்தது. 2006 இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டதையொட்டி மூண்ட சண்டையில் இங்குள்ள குடும்பங்கள் வாகரைக்கும், பிறகு மட்டக்களப்புப் பக்கத்து முகாம்களுக்கும் இடம்பெயர்ந்தன. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கல்யாணப் படம் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, ஓடும்போது முதலில் தூக்க வேண்டியது அதுதான் என்று பழகிய சனம். இன்று அந்தப் பையில் இருந்ததெல்லாம் கணினிக்குள்ளும் பென் டிரைவுக்குள்ளும் போய்விட்டது. பையைக் காத்த அளவு கவனம் பென் டிரைவுக்குக் கிடைப்பதில்லை. அதற்குக் காரணம் அலட்சியம் என்று சொல்ல முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

பிரதேச செயலகத்துக் காணிப் பதிவேட்டை மனதில் வைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். எந்தத் துண்டு யாருக்கு என்பது பதிவேட்டில் இருக்கிறது. வீடும் தென்னையும் கிணறும் நிலத்தில் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்கும் பென் டிரைவும் இதே மாதிரிதான். எந்தக் கோப்பு எந்த இடத்தில் கிடக்கிறது என்று எழுதி வைத்த பதிவேடு ஒன்று, கோப்புகள் கிடக்கும் நிலம் மற்றது. ஒரு கோப்பை அழிக்கும்போது பதிவேட்டில் பெயர்தான் வெட்டப்படுகிறது, நிலத்தில் வீடு அப்படியே நிற்கிறது. அந்தத் துண்டு வேறொரு கோப்புக்குக் கொடுக்கப்பட்டு, அது வந்து பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதுதான் உண்மையான அழிவு நடக்கிறது. விரைவு ஃபோர்மட் என்பது பழைய பதிவேட்டைத் தூக்கிப்போட்டு வெற்றுப் பதிவேடு ஒன்றை வைப்பது. முழு ஃபோர்மட்டோ நிலத்தையே மட்டமாக்கிவிடும்.

அப்படியானால் ஃபோர்மட் செய்யவா என்ற கேள்வி ஏன் வருகிறது? பதிவேட்டின் ஒரு பக்கம் பாதி எழுதிய நிலையில் கிழிந்துவிட்டது, அதனால் கணினியால் அதை வாசிக்க முடியவில்லை. கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது பென் டிரைவைப் பிடுங்கினால் இது நடக்கும். கரண்ட் போனாலும் நடக்கும். 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுவதும் இருண்டது. விண்டோஸ் கணினியின் உள் டிஸ்க் இப்படிப்பட்ட அடியை ஓரளவு தாங்கும். என்டிஎஃப்எஸ் என்ற அமைப்பு, பதிவேட்டில் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. பென் டிரைவிலும் கமரா அட்டையிலும் வழக்கமாக இருக்கும் ஃபாட்32, எக்ஸ்ஃபாட் அமைப்புகளில் அந்த நாட்குறிப்பு இல்லை. ஒரே மின்வெட்டில் கணினி தப்ப, அதில் செருகியிருந்த பென் டிரைவ் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

சரி, பெட்டி வந்துவிட்டது. வேண்டாம் என்பதை அமத்திவிட்டு பென் டிரைவைக் கழற்றுங்கள். வேறு துளையில் செருகிப் பாருங்கள். மேசைக் கணினியாக இருந்தால் பின்பக்கத்துத் துளை நல்லது. வெளி ஹார்ட் டிஸ்க் என்றால் வயரை மாற்றிப் பாருங்கள், கடற்காற்றில் துருவேறிய வயர் முனை எத்தனையோ டிஸ்குகளைச் செத்ததாகக் காட்டியிருக்கிறது. இன்னொரு கணினியிலும் போட்டுப் பாருங்கள். இவை எதுவும் உள்ளே இருக்கும் கோப்பைத் தொடுவதில்லை, அதனால் பயமில்லாமல் செய்யலாம்.

அதற்கும் மசியவில்லையா? விண்டோஸ் சாவியையும் எக்ஸ் சாவியையும் சேர்த்து அமத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் டிஸ்க் மனேஜ்மென்ட் என்பதைத் திறங்கள். கணினியில் இணைத்திருக்கும் டிஸ்குகளெல்லாம் அங்கே நீளமான பட்டைகளாகத் தெரியும். உங்களுடைய டிரைவ் இருக்கிறது, ஆனால் அதற்கு ஈ, எஃப் போன்ற எழுத்து இல்லை என்றால் எழுத்தைக் கொடுத்தாலே போதும், காணாமற்போன எல்லாம் திரும்பிவிடும். டிரைவ் தெரிகிறது, ஆனால் அமைப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரோ என்று இருந்தால் பதிவேடு கெட்டிருக்கிறது, நிலம் பெரும்பாலும் இருக்கிறது. இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்டால் அதற்கும் வேண்டாம்தான் பதில். பட்டையே இல்லையென்றாலோ, ஹார்ட் டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தாலோ அது இயந்திரத்தின் நோய். உடனே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் வாசிக்கும் முனை தட்டின் மேற்பரப்பைச் சுரண்டக்கூடும். தூசில்லாத அறையில் திறந்து பார்க்கிறவர்களிடம் போக வேண்டிய வேலை அது. இந்த ஊரிலிருந்து பெரும்பாலும் கொழும்புப் பயணம்தான், செலவும் அதிகம். கோப்பின் பெறுமதியைப் பார்த்து முடிவெடுங்கள்.

பதிவேடு கெட்டதற்கும் கை தவறி அழித்ததற்கும் மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் க்ரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இரண்டு மென்பொருள்கள் பல காலமாகப் பேர்பெற்றவை. முதலாவது கிழிந்த பதிவேட்டைத் தைத்துப் பார்க்கும். இரண்டாவது பதிவேட்டையே பாராமல் நிலத்தை அங்குலம் அங்குலமாகத் தேடிப் படங்களையும் ஆவணங்களையும் பொறுக்கியெடுக்கும், ஆனால் பழைய பெயர்கள் திரும்பாது. மைக்ரோசொஃப்ட்டும் 2020 இல் இப்படியொரு மீட்புக் கருவியை வெளியிட்டது. எதைப் பாவித்தாலும் ஒரு விதி உண்டு. மென்பொருளை நிறுவுவதும் மீட்டதைச் சேமிப்பதும் வேறொரு டிரைவில்தான் நடக்க வேண்டும். தொலைந்த இடத்திலேயே எழுதினால் தேடும் வீட்டின் மேலேயே புது வீடு கட்டியதாகிவிடும்.

புதிய மடிக்கணினிகளில் இருக்கும் எஸ்எஸ்டி விடயத்தில் மட்டும் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அழித்த இடத்தை அது சும்மா வைத்திருக்காது, தானாகவே துடைத்துவிடும். ரீசைக்கிள் பின்னில் இல்லையென்றால் பெரும்பாலும் இல்லைதான். பென் டிரைவிலிருந்து அழித்தது பொதுவாக அந்தத் தொட்டிக்கே வருவதில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

செக்டிஸ்க் போட்டுப் பார் என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்வார்கள். நல்ல கருவிதான், ஆனால் அதற்கு நேரம் உண்டு. அது பதிவேட்டைத் திருத்தும்போது புரியாத பக்கங்களை வெட்டியெறியவும் செய்யும். முதலில் எடுக்க முடிந்ததையெல்லாம் வேறிடத்துக்கு எடுத்துவிட்டுப் பிறகு ஓடவிடுங்கள்.

இனி, தொலையாமலே தொலைந்ததாகத் தோன்றும் கோப்புகள். இவைதான் அதிகம் அழவைக்கின்றன.

ஒரு படிவம் அச்செடுக்கக் கொம்யூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோன பென் டிரைவ் வீடு திரும்பியதும் ஃபோல்டர்கள் எல்லாவற்றிலும் சின்ன வளைந்த அம்புக்குறி முளைத்திருக்கும். திறந்தால் ஒன்றும் வராது. ஒரு வைரஸ் உண்மையான ஃபோல்டர்களை ஒளித்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிகளை வைத்திருக்கிறது. அந்தக் குறுக்குவழியைச் சொடுக்கினால் வைரஸ் உங்கள் கணினிக்குள்ளும் ஏறும். விண்டோஸோடு வரும் டிஃபென்டரைக் கொண்டு முதலில் பென் டிரைவை முழுக்கச் சோதியுங்கள். பிறகு மறைந்தவற்றைக் காட்டும்படியும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் தெரிவை எடுத்துவிடும்படியும் மாற்றினால் பழைய ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும். இதைக் கண்டு மனம் வெறுத்து ஃபோர்மட் செய்தவர்கள் ஒன்றும் கெடாத கோப்புகளைத் தாங்களே அழித்தவர்கள்.

பழைய வினாத்தாளையோ அலுவலகக் கடிதத்தையோ புதுக் கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுகிறார்கள். அது பாமினி எழுத்துருவில் தட்டியது, இந்தக் கணினியில் பாமினி இல்லை, அவ்வளவுதான். எழுத்துருவை நிறுவினால் தமிழ் வந்துவிடும். யூனிகோடுக்கு மாற்றி வைத்தால் இனி அந்தத் தொல்லையே இல்லை. இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளின் எத்தனையோ வருட உழைப்பு இந்த எழுத்துருவில் கிடக்கிறது. குப்பையில் போடும் முன் ஒருமுறை பாமினியைப் போட்டுப் பாருங்கள்.

மூதூர் வலயத்து ஆசிரியர்களுக்குத் தெரிந்த இன்னொரு சங்கடம் உண்டு. பாடசாலையின் பெயர் தி/மூ/ என்று தொடங்கும். அந்தப் பெயரிலேயே ஃபோல்டர் போடப் போனால் விண்டோஸ் மறுக்கும். சாய்கோடு உட்பட 9 குறிகளைப் பெயரில் வைக்க அது விடுவதில்லை. 12/05/2025 என்று திகதி போட்டாலும் அதே மறுப்புத்தான். சாய்கோட்டுக்குப் பதில் சிறு கோடு போட்டால் தீர்ந்தது.

கல்யாண வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றும்போது இடம் தாராளமாக இருந்தும் கோப்பு பெரிது என்று கணினி சொல்லும். 1990களில் வந்த ஃபாட்32 அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு எடுத்துவிட்டு எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றலாம். இந்த ஒரு இடத்தில்தான் ஃபோர்மட் சரியான விடை.

புது விண்டோஸ் போட்ட பிறகு பழைய டிஸ்கின் ஃபோல்டர் அனுமதி இல்லை என்று விரட்டினால் அது உரிமையாளர் மாறிய சிக்கல். பண்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றினால் திறக்கும். ஆனால் புதிய விண்டோஸ் 11 கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். அதைத் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அது உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். சாவி இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பிழை எப்போதும் வீட்டுக்காரருடையது அல்ல. 2018 ஒக்டோபர் 2 ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 10 க்கு ஒரு பெரிய புதுப்பிப்பை வெளியிட்டது. டொக்யுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்திருந்த சிலருடைய கணினியில், பழைய இடத்தில் மிஞ்சிக் கிடந்த கோப்புகளை அந்தப் புதுப்பிப்பு அழித்துவிட்டது. புகார்கள் குவிந்து 4 நாளில் அதை நிறுத்தினார்கள். நம் நாட்டிலேயே 2023 ஆகஸ்டில் அரசின் கிளவுட் சேவையை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் ஒன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவையை 12 மணித்தியாலத்துக்குள் மீட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பிரதி இருக்கவில்லை, அவை போனது போனதுதான். ஒரு நாட்டின் அரசுக்கே பிரதி இல்லாமல் போயிருக்கிறது.

ஆகவே பிரதி. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. கிளவுட்டில் வைப்பது நல்லதுதான், கூகுள் டிரைவில் 15 ஜிபி வரை காசில்லை. ஆனால் கணினியோடு ஒத்திசையும் ஃபோல்டரில் ஒன்றை அழித்தால் அங்கேயும் அழியும். எனவே அதைத் தனிப் பிரதியாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். வெளி டிஸ்கைப் பிரதி எடுத்த கையோடு கழற்றி வையுங்கள், செருகியபடியே விட்டால் கணினிக்கு வரும் வைரஸும் மின்னடியும் அதற்கும் வரும். ஒரு டெராபைட் பென் டிரைவ் மலிவு விலைக்குக் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் சந்தையில் உண்டு. அவை கோப்பை வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது.

2025 நவம்பர் முடிவில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தை நாடு இன்னும் மறக்கவில்லை. வெருகல் ஆறு பெருகும் மாரிக்கு முன்னால், ஐப்பசி பிறக்கும் நேரத்தில், ஒரு பென் டிரைவை எடுங்கள். சான்றிதழ்கள், காணிப் பத்திரம், படங்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றி, வேறொரு கணினியில் திறந்து பார்த்து, திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ இருக்கும் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். முன்பு பொலித்தீன் பையைக் காத்த அதே கவனம்தான் இது.