ஸ்கேலும் டிஸ்பிளேயும்

லேத்திலும் மில்லிங் யந்திரத்திலும் மேசையோ சறுக்கோ நகர்ந்த தூரத்தை எண்களாகக் காட்டும் டி.ஆர்.ஓ. (டிஜிட்டல் ரீட்அவுட்) பழுதாகிவிட்டால், தூரத்தை அளக்கும் பழைய ஸ்கேலை வைத்துக்கொண்டு வேறொரு கம்பெனியின் டிஸ்பிளேயை மாத்திரம் வாங்கி இணைத்துவிடலாம் என்று எண்ணுவது சகஜமே. ஆனால் இரண்டிலும் ஒன்பது முனைப் பிளக் இருப்பதொன்றே அவை பொருந்தும் என்பதற்கு அத்தாட்சியாகிவிடாது.

கண்ணாடி ஸ்கேலின் உள்விவகாரம் ரசமானது. பலவற்றில் 20 மைக்ரானுக்கு ஒருமுறை திரும்பவரும் நுண்கோடுகள் பொறிக்கப்பட்டிருக்க, அவற்றின்மீது ஒளி பாய்ச்சியபடி நகரும் ரீடிங் ஹெட், ஒன்றுக்கொன்று கால் சுற்று முன்பின்னாக இரண்டு சமிக்ஞைகளை எழுப்புகிறது. எது முந்துகிறது என்பதைக் கொண்டு திசையையும், இரண்டின் ஏற்ற இறக்கங்களையும் எண்ணி, ஓர் இடைவெளியை நான்காகப் பகுத்து 5 மைக்ரான் வரையிலான சூக்ஷ்மத்தையும் டிஸ்பிளே கிரகித்துக்கொள்கிறது.

இச்சமிக்ஞை சில ஸ்கேல்களில் 5 வோல்ட் சதுர அலையாகவும், சிலவற்றில் 1 வோல்ட் சைன் அலையாகவும், ஜெர்மனியின் ஹைடன்ஹைன் கம்பெனியின் பழைய ஸ்கேல்கள் பலவற்றில் 11 மைக்ரோ ஆம்பியர் அளவேயான மெல்லிய மின்னோட்டமாகவும் வெளிப்படுவதால், சதுர அலையை மட்டும் அறிந்த டிஸ்பிளேக்கு மற்றவை விளங்குவதில்லை. இடையே ஒரு கன்வர்ட்டர் அவசியமாகிறது. முனைகளின் வரிசையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 5 வோல்ட் வரும் முனை சமிக்ஞை முனையைத் தொட்டால் விலையுயர்ந்த ஹெட் நாசமாகலாமாதலால், முதலில் மல்டிமீட்டரை எடுத்து முனைகளைச் சோதியுங்கள் என்றே வற்புறுத்துவேன்.

5 மைக்ரான் ஸ்கேலை 1 மைக்ரான் என்று டிஸ்பிளேயில் பதிந்துவிட்டாலோ, மேசை 10 மி.மீ. நகர்ந்தும் திரையில் 2.000 என்றே தோன்றும். ஆகையால் ஸ்லிப் கேஜும் டயல் இண்டிகேட்டரும் கொண்டு ஒப்பிட்ட பின்னரே வேலையைத் தொடங்குதல் உசிதம். லேத்தின் குறுக்குச் சறுக்கில் திரை காட்டுவது ஆரமா, விட்டமா என்பதையும் அப்போதே தீர்மானித்துவிட வேண்டும்.