உங்களுக்குத் தெரியுமா? தீனி முன்னால், பட்டினி பின்னால்!

கொழுத்த சுண்டெலி ஒன்றையும் சாதாரண சுண்டெலி ஒன்றையும் சேர்த்துத் தைத்து, இரத்தம் கலக்க விட்டார்கள். கொழுத்தது தின்றுகொண்டே இருந்தது. சாதாரண எலியோ, தீனி முன்னால் இருக்க, பட்டினியால் செத்தது!

● செய்தவர் டக்ளஸ் கோல்மன். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகம், 1969. கொழுத்த எலியின் இரத்தத்தில் ‘போதும், கையைக் கழுவு’ என்ற செய்தி வழிந்தது. அதன் மூளைக்குத்தான் அது கேட்கவில்லை. ஒட்டியிருந்த எலிக்கோ நன்றாகவே கேட்டது, பாவம்.

● செய்தியாளன் யார்? 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது: லெப்டின் என்ற ஹார்மோன். சுரப்பது நாம் திட்டித் தீர்க்கும் அதே கொழுப்புத்தான். இதைச் சுரக்கவே முடியாத எலி மும்மடங்கு எடைவரை ஊதிவிடும்.

● லெப்டின் சுரக்காத இந்தக் குறை மனிதரிலும் உண்டு, மிக அரிதாக. 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் கண்ட, பாகிஸ்தான் வம்சாவளிச் சிறுமிக்கு 8 வயது, 86 கிலோ. லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கியது, எடையும் இறங்கியது.

● எதிர்க்கட்சி, பசியைத் தூண்டும் கிரெலின்; இரைப்பையில் சுரக்கும். வழக்கமான சாப்பாட்டு நேரத்தில் ஏறும், சாப்பிடாவிட்டாலும் தானே இறங்கும். நோன்பு நாளில் நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கிள்ளும் வயிறு பிற்பகல் அஸருக்குள் அடங்குவதில் இதற்கும் பங்கு இருக்கலாம். இஃப்தார் கஞ்சி வாசம் வரும்வரை!