இரவு 9.40-க்கு 'நோட்டட் போஸ்': உங்கள் வேலை நேரம் எப்போதுதான் முடிகிறது?

லகாட்டில் வீடு, ஈப்போவில் வேலை என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டரைக்கு ஆபீஸ். மாலை ஐந்தரைக்கு வெளியே வந்து, மெங்லெம்பு நெரிசலைத் தாண்டி வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, அப்பாடா என்று உட்காரும்போது புலனத்தில் ஒரு சத்தம். மணி 9.40. "தம்பி, நாளைக்கு உள்ள டெலிவரி லிஸ்ட் இப்பவே வேணும். அர்ஜண்ட்."

யோசிப்பதற்கு முன்பே விரல் தட்டிவிடுகிறது: "நோட்டட் போஸ்."

இதைப் பற்றி வீட்டில் வாய் திறந்தால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். "நாங்கள்லாம் விடியறதுக்கு முன்னாடி எழுந்து பால் வெட்டப் போனோம். உனக்கு ஏர்கோன் ரூம்ல உட்கார்ந்து மெசேஜ் பார்க்கிறது கஷ்டமா?" இன்னொரு பக்கம் நண்பர்கள்: "ஆறு மணிக்கு மேல நான் போனையே தொட மாட்டேன்." (தொடுவார்கள். நாம் பார்த்திருக்கிறோம்.)

இரண்டு பேச்சுக்கும் நடுவில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. மலேசியச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? அந்த அரை மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டா?

தாத்தா தலைமுறையும் நேரத்துக்காகத்தான் போராடியது

முதலில் அந்தப் பால்வெட்டுக் கதையைப் பார்த்துவிடுவோம். பேராக் ரப்பர் தோட்டங்களில் நாள் பெரட்டில்தான் தொடங்கும். இருட்டு கலையும் முன்பே ஆட்கள் வரிசையில் நிற்க வேண்டும், பெயர் கூப்பிடுவார்கள், யாருக்கு எந்த நிரை என்று சொல்வார்கள். வெயில் ஏறுவதற்கு முன் மரத்தைச் சீவினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் அந்த அவசரம். பிறகு மங்கில் சேர்ந்த பாலை எடுத்து, ஸ்டோருக்குக் கொண்டுபோய், நிறுத்து, கணக்கில் ஏற்ற வேண்டும்.

கடுமையான வேலை, சந்தேகமில்லை. அதற்காக, அந்தத் தலைமுறை நேரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று நினைத்தால் தப்பு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்துக்கு முடிவு என்று நீண்ட கோரிக்கைப் பட்டியலில், பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைநாள் ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள்.

ஆக, "எங்க காலத்துல இதெல்லாம் கேட்டோமா?" என்றால், கேட்டார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் வேலை நேரத்தைத் தீர்மானிப்பது 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் பொருந்தும்; சபா, சரவாக்கிற்குத் தனிச் சட்டங்கள். 2023 ஜனவரி 1 முதல் இதில் பெரிய மாற்றங்கள் நடப்புக்கு வந்தன. வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த உச்சவரம்பு 45 ஆனது. சட்டம் இப்போது சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் எல்லா ஊழியர்களையும் உள்ளடக்குகிறது. ஆனால் ஓவர்டைம் பணம் போன்ற சில பிரிவுகள், மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது. அவர்கள் தங்கள் வேலை ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வாரக் கணக்கு மட்டுமில்லை, நாள் கணக்கும் இருக்கிறது. பொதுவான விதி, ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை. இடையில் ஓய்வு இருந்தாலும், தொடங்கிய நேரத்திலிருந்து பத்து மணி நேரத்துக்குள் அது அடங்கிவிட வேண்டும். எட்டரைக்குத் தொடங்கினால் மாலை ஆறரை. 9.40 அந்த எல்லைக்கு எவ்வளவோ வெளியே.

"அர்ஜண்ட்" என்றால்? சட்டத்துக்கும் அந்த வார்த்தை தெரியும். விபத்து, இயந்திரத்தில் உடனே செய்ய வேண்டிய பழுதுபார்ப்பு, முன்கூட்டியே எதிர்பார்க்க முடியாத தடங்கல் போன்ற சூழ்நிலைகளில் வழக்கமான நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாம். தினமும் இரவு கேட்கப்படும் டெலிவரி லிஸ்ட்டை எதிர்பாராத தடங்கல் என்று சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

மெசேஜுக்குப் பதில் போடுவது 'வேலை'யா?

விஷயத்தின் முடிச்சு இங்கேதான். சட்டத்தின் 60A பிரிவு 'வேலை நேரம்' என்பதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. எளிமையாகச் சொன்னால்: நீங்கள் முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டு, உங்கள் நேரத்தையும் நடமாட்டத்தையும் உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாமல் இருக்கும் நேரம். நீங்கள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

அதனால் "ஓகே போஸ்" என்று தட்டுகிற மூன்று விநாடியை யாரும் வேலை நேரம் என்று வாதாடப் போவதில்லை. ஆனால் "பத்தரைக்குள் லிஸ்ட் வேண்டும்" என்று கேட்டு, நீங்கள் லேப்டாப்பைத் திறந்து ஐம்பது நிமிடம் உட்கார்ந்தால்? அந்த ஐம்பது நிமிடம் உங்கள் கையில் இல்லை. அது வேலை என்று சொல்ல உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது.

காசாகக் கணக்குப் போடுவோம். மாதச் சம்பளம் 2,080 ரிங்கிட் என்றால், 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 80. எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 10. சாதாரண நாளில் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 15 ரிங்கிட். வாரத்துக்கு நான்கு இரவு, ஒவ்வொரு இரவும் ஒரு மணி நேரம் என்றால் மாதம் சுமார் 240 ரிங்கிட். "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்பது மாதக் கடைசியில் ஒரு மோட்டார்சைக்கிள் தவணை அளவுக்கு வந்து நிற்கிறது.

டெலிவரி ரைடர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கிக் தொழிலாளர்களுக்கென்று 2025-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் நிறைவேற்றியது. அதை வேறொரு நாள் பார்ப்போம்.

மற்ற நாடுகளில்?

வேலை முடிந்த பிறகு தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டத்தில் உள்ளது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், மறுப்பது நியாயமற்றதாக இல்லாத வரை, வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்தியைப் படிக்காமலே விடலாம். இந்தியாவில் சுப்ரியா சுலே 2018-இல் இதற்காக ஒரு தனிநபர் மசோதாவை மக்களவையில் கொண்டு வந்தார், அது சட்டமாகவில்லை. மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத்திலும் அப்படி ஓர் உரிமை பெயர் சொல்லி எழுதப்படவில்லை. "ஆஸ்திரேலியாவில பாருங்க" என்று போஸிடம் போய் நின்றால் வேலைக்கு ஆகாது.

அப்போ நீங்கள் என்ன செய்யலாம்?

ஒன்று, பதிவு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, செய்தி வந்த நேரம், வேலை முடித்து அனுப்பிய நேரம். புலனத்திலேயே உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள்: உங்கள் ஆபீஸ் குழுவில் 'தானாக மறையும் செய்திகள்' போட்டிருந்தால், 24 மணி நேரத்திலோ ஏழு நாளிலோ 90 நாளிலோ எல்லாம் காணாமல் போய்விடும். அன்றன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாத 60P பிரிவு. வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி நீங்கள் எழுத்துபூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். இரவு வேலை தவிர்க்க முடியாத கம்பெனி என்றால், "வாரத்தில் மூன்று இரவு பட்டியல் நான் அனுப்புகிறேன், அந்த நாட்களில் காலை பத்தரைக்கு வருகிறேன்" என்று கேட்கலாம். சண்டை மாதிரியே இருக்காது. கட்டாயம் ஒத்துக்கொள்வார்கள் என்பதில்லை. ஆனால் இதுவரை வாய்ப்பேச்சாக இருந்தது காகிதத்தில் வந்துவிடுகிறது.

பேச்சில் சரிப்படாமல், செய்த வேலைக்குப் பணமும் வரவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். வக்கீல் தேவையில்லை. அந்த ஸ்கிரீன்ஷாட்கள் அப்போதுதான் உதவும்.

அதெல்லாம் வேண்டாம், போஸ் நல்லவர்தான், சும்மா ஞாபகம் வரும்போது அனுப்பிவிடுகிறார் என்கிறீர்களா? பாதிக் கதைகள் அப்படித்தான். அவர் மறந்துவிடக் கூடாது என்று அனுப்புகிறார், நீங்கள் உடனே செய்ய வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அடுத்த முறை 9.40-க்குச் செய்தி வந்தால் "நோட்டட்" என்பதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: "பார்த்துட்டேன் போஸ். காலையில எட்டரைக்கு முதல் வேலையா அனுப்பிடறேன், சரியா?" பெரும்பாலும் பதிலாகக் கட்டைவிரல் ஒன்று வரும்.