டால்ஃபாம்ப்ரிடின் மாத்திரையின் பக்க விளைவுகளும் சமாளிக்கும் முறைகளும்

டால்ஃபாம்ப்ரிடின் என்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயால் நடை பாதிக்கப்பட்ட வயது வந்தோருக்குத் தரப்படும் மாத்திரை ஆகும். இதன் பன்னாட்டுப் பெயர் ஃபாம்ப்ரிடின். வேதியியல் பெயர் 4-அமினோபிரிடின். அமெரிக்காவில் 2010 சனவரியில் 'அம்பைரா' என்னும் வணிகப் பெயரிலும், ஐரோப்பாவில் 2011 இல் 'ஃபாம்பைரா' என்னும் பெயரிலும் ஒப்புதல் பெற்றது. இது நோயைக் குணப்படுத்துவதில்லை. புதிய தாக்குதல்களைத் தடுப்பதும் இல்லை. நடை வேகத்தைக் கூட்டுவது மட்டுமே இதன் பணி.

செயல்படும் விதம்

நரம்பிழைகளைச் சுற்றி மயெலின் என்னும் கொழுப்பு உறை உள்ளது. மின்கம்பியின் மேலுறை போல இது மின்துடிப்பு கசியாமல் காக்கிறது. தண்டுவட மரப்பு நோயில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே இவ்வுறையைச் சிதைக்கிறது. உறை போன இடங்களில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் திறந்து கிடப்பதால், காலுக்குச் செல்ல வேண்டிய துடிப்பு வழியிலேயே வலுவிழக்கிறது. டால்ஃபாம்ப்ரிடின் இவ்வாயில்களை அடைத்துத் துடிப்பு முன்னேற உதவுகிறது.

எல்லோருக்கும் பயன் கிடைப்பதில்லை. 2009 இல் வெளியான முதன்மை ஆய்வில் மருந்து உண்டவர்களில் 35 விழுக்காட்டினரும், போலி மாத்திரை உண்டவர்களில் 8 விழுக்காட்டினரும் தொடர்ச்சியான முன்னேற்றம் கண்டனர். பயன் பெற்றோரின் நடை வேகம் சராசரியாக 25 விழுக்காடு கூடியது.

அளவு

10 மி.கி. மாத்திரை ஒன்று காலையிலும் ஒன்று மாலையிலும், 12 மணி நேர இடைவெளியில் உண்ணப்படுகிறது. நாளொன்றுக்கு 20 மி.கி. என்பதே உச்ச அளவு. மருந்து மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டதால் மாத்திரையை உடைக்கவோ, பொடிக்கவோ, மெல்லவோ, நீரில் கரைக்கவோ கூடாது. அப்படிச் செய்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடும். ஒரு வேளை தவறினால் அதை விட்டுவிட வேண்டும். அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்து உண்ணக் கூடாது.

வலிப்பு என்னும் முதன்மை அபாயம்

காலுக்குச் செல்லும் நரம்பைத் தூண்டும் அதே செயல் மூளையையும் தூண்டுகிறது. அதனால் அளவு கூடும்போது வலிப்பு வரலாம். முன்பு வலிப்பு வந்தவர்களுக்கு இம்மருந்து தரப்படுவதில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012 சூலையில் வெளியிட்ட அறிவிப்பில், முன்பு வலிப்பே வராதவர்களுக்கும் சரியான அளவில் தொடங்கிய சில நாள்கள் முதல் சில வாரங்களுக்குள் வலிப்பு ஏற்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியது.

இம்மருந்து பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடலில் தேங்கும். எனவே தொடங்கும் முன்பும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சிறுநீரகச் செயல்திறனைக் கணக்கிட வேண்டும். ஆய்வகத் தாளில் கிரியாட்டினின் இயல்பாக இருப்பது மட்டும் போதாது. 60 வயதான, 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கிரியாட்டினின் 0.9 எனில் அது இயல்பான எண்ணாகவே தோன்றும். வயது, எடை, பாலினம் சேர்த்துக் கணக்கிட்டால் கிரியாட்டினின் வெளியேற்றம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 47 மி.லி. மட்டுமே. 50 அல்லது அதற்குக் கீழ் இருப்பவர்களுக்கு இம்மருந்து கூடாது.

வலிப்பு வந்தால் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். கையில் சாவிக்கொத்து அல்லது இரும்பைத் திணிப்பதும், வாயில் நீர் ஊற்றுவதும் பயனற்றவை, தீங்கும் தரலாம். வலிப்பு வந்தவர் இம்மருந்தை மீண்டும் உண்ணக் கூடாது.

பொதுவான பக்க விளைவுகள்

ஆய்வுகளில் சிறுநீர்ப் பாதைத் தொற்று 12 விழுக்காட்டினருக்கும், தூக்கமின்மை 9 விழுக்காட்டினருக்கும், தலைச்சுற்றல், தலைவலி, குமட்டல், உடல் தளர்ச்சி ஆகியவை தலா 7 விழுக்காட்டினருக்கும், முதுகுவலி, நிலைதடுமாற்றம் ஆகியவை தலா 5 விழுக்காட்டினருக்கும் பதிவாயின. போலி மாத்திரை உண்டவர்களிடமும் இவை இருந்தன. ஆனால் குறைவாக இருந்தன. எடுத்துக்காட்டாக, தொற்று 8, தூக்கமின்மை 4 விழுக்காடு.

தூக்கமின்மை: மாத்திரை உண்ட 3 முதல் 4 மணி நேரத்தில் இரத்தத்தில் மருந்தின் அளவு உச்சம் தொடுகிறது. இரவு 9 மணிக்கு உண்டால் நள்ளிரவில் உச்சம் வரும். காலை 5, மாலை 5 என மாற்றினால் தூங்கும் நேரத்துக்குள் அது குறையத் தொடங்கும். மாற்றும்போதும் இடைவெளி 12 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

தலைச்சுற்றலும் தடுமாற்றமும்: மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் விழும் வாய்ப்பு கூடுதல். கழிப்பறைச் சுவரில் கைப்பிடி, ஈரமில்லாத தரை, இரவு விளக்கு, கைத்தடி ஆகியவை உதவும். கால் வேகம் கூடியதால் தடியை உடனே கைவிடுவது தவறு.

குமட்டல்: உணவுடன் உண்பது பற்றி நாடுகளின் வழிகாட்டுதல் வேறுபடுகிறது. அமெரிக்காவில் உணவுடனோ உணவின்றியோ உண்ணலாம்; ஐரோப்பாவில் வெறும் வயிற்றில் உண்ணச் சொல்கின்றனர். மருத்துவர் சொன்ன முறையையே பின்பற்ற வேண்டும்.

சிறுநீர்ப் பாதைத் தொற்று: இந்நோயில் சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகாமல் இருப்பதும் வழக்கம் என்பதால் எரிச்சல், காய்ச்சல், அடிக்கடி சிறுநீர் ஆகியவற்றை உடனே காட்ட வேண்டும். தொற்றுக்குப் பரவலாகத் தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. டிரமடால் என்னும் வலி மருந்தும் அத்தகையதே. எனவே மருந்துக்கடையில் கேட்டு வாங்காமல், டால்ஃபாம்ப்ரிடின் உண்பதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். அமிலம் குறைக்கும் சிமெட்டிடின் இம்மருந்து வெளியேறுவதைத் தடுப்பதால் தவிர்க்கப்படுகிறது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உண்போரும் தெரிவிக்க வேண்டும்.

வெப்பமும் திருவேற்காடு சூழலும்

உடல் சூடேறும்போது இந்நோயின் அறிகுறிகள் தற்காலிகமாகக் கடுமையாகும். 1890 இல் இதை விவரித்த செருமானிய மருத்துவர் ஊத்தோஃப் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. திருவேற்காடு, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் போன்ற மேற்குச் சென்னைப் புறநகர்களில் கத்திரி வெயில் நாள்களில் கால் தளர்ந்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி மூன்றாவது மாத்திரை உண்ணத் தோன்றலாம். அதுவே வலிப்புக்கு வழி. நிழலில் அமர்தல், ஈரத்துணி, மின்விசிறி, குளிர்ந்த நீர் ஆகியவையே தீர்வு. வெயிலுக்கு அஞ்சிப் பகலிலும், கழிப்பறைக்கு அஞ்சிப் பயணத்திலும் நீர் குடிக்காமல் இருப்பது தொற்றை வரவழைக்கும். தேவி கருமாரியம்மன் கோயிலில் ஆடி மாதக் கூட்டத்தில் நெடுநேரம் வரிசையில் நிற்பதையும், சுடும் தரையில் வெறுங்காலுடன் நடப்பதையும் தவிர்த்து, காலை வேளையில் துணையுடன் செல்லலாம்.

நரம்பியல் சிகிச்சைக்கு இப்பகுதியினர் பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே, சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குச் செல்லலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இல் பட்டியலிட்ட 21 வகைக் குறைபாடுகளில் இந்நோயும் ஒன்று. எனவே மருத்துவச் சான்றின் அடிப்படையில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

தொடர்வதா நிறுத்துவதா

மருத்துவர்கள் 25 அடி, அதாவது சுமார் 7.6 மீட்டர் தொலைவை நடக்க ஆகும் நேரத்தை அளந்து முடிவு செய்கின்றனர். வீட்டுக் கூடத்தில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, ஒருவர் துணை நிற்க, மருந்துக்கு முன்னும் பின்னும் நேரத்தைக் குறித்து வைக்கலாம். ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி 2 முதல் 4 வாரங்களில் முன்னேற்றம் தெரியாவிட்டால் மருந்து நிறுத்தப்படுகிறது. பயனில்லாத மாத்திரையைத் தொடர்ந்து உண்பதில் எஞ்சுவது பக்க விளைவு மட்டுமே.