கணையத்தின் தாளம்

நேயர்களே, இருதயத்தைப் போலவே நம் கணையத்திலும் மின்சாரம் தாளமிடுகிறது என்பதை அறிவீர்களா?

புதுவைக் கடற்கரைச் சாலையில் மாலை உலாவிவிட்டு, சர்க்கரை சற்றே தூக்கலாக ஒரு கோப்பைத் தேநீரை நீங்கள் அருந்தினால், இரத்தத்தில் ஏறும் அச்சர்க்கரை கணையத்தின் பீட்டா உயிரணுக்களுக்குள் புகுந்து சக்தியாக மாற, அவற்றின் சவ்விலே பொட்டாசியம் வெளியேறும் நுண்துவாரங்கள் மூடிக்கொள்ள, மின்னழுத்தம் மாறி, சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் உள்ளே பாய்ந்து, அதன் தூண்டுதலால் இன்சுலின் இரத்தத்தில் கலக்கிறது. பின்னர்ச் சிறிது ஓய்வு, மீண்டும் எழுச்சி, இவ்வண்ணம் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை இன்சுலின் அலை அலையாகவே சுரக்கிறது. என்ன அற்புதமான ஒழுங்கு!

1942-ஆம் ஆண்டில், பிரான்சின் மோன்பெலியே நகரில், டைபாய்டு நோயாளிகளுக்குத் தந்த ஒரு சல்பா மருந்து இரத்தச் சர்க்கரையை விபரீதமாகத் தாழ்த்தியதன் காரணத்தை ஆராய்ந்த லூபத்தியேர் என்னும் விஞ்ஞானி, அது கணையத்தைத் தூண்டுவதாலேயே என்று நிரூபித்தார். அதன் வழிவந்த நீரிழிவு மாத்திரைகள் அதே பொட்டாசியத் துவாரங்களைத்தான் மூடுகின்றன என்பது வெகுகாலம் கழித்தே தெரியவந்தது.

புதுச்சேரியில் வயதுவந்தோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுவதால், நேயர்களே, இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.